நிருபரின் பெயர் கேட்டு எழுதிய மகளுக்கு

முள்ளியவளை,
9-6-1963.

அன்பு மகள் கமலாசனி அறிவது,

இங்கே நானும் அம்மாவும் மாடுகளும் சுகம். பேராதனைக் குளிரில் உனக்கு வற்றாப்பளை அம்மன் துணை நிற்பாளாக.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைப் பற்றிய உன் கட்டுரையை விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார், பத்திரிகைச் செய்தியை எடுத்துக்காட்டினால் எழுதியவர், தலைப்பு, பத்திரிகை, திகதி, பக்கம் எல்லாம் அடிக்குறிப்பில் வேண்டுமாம், மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் புள்ளி இல்லையாம் என்று எழுதியிருந்தாய். நீ கொண்டுபோன துண்டை வெட்டியது அம்மா. திகதியை விட்டுவிட்டு முதலைச் செய்தியை மட்டும் வெட்டியிருக்கிறா. வாசிகசாலைக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்து, தும்மித் தும்மி ஒருவாறு கண்டெடுத்தேன்: 1958 சனவரி 4, மூன்றாம் பக்கம், ‘பள்ளிக்கூடத்தில் புகுந்த பதினெட்டடி முதலை’. எழுதியவர் பெயரின் இடத்தில் ‘முள்ளியவளை நிருபர்’ என்று மட்டும் இருந்தது. அவர் ஆர் என்று நான் வாய்விட்டுக் கேட்டதுதான் பிழையாய்ப் போயிற்று.

சைக்கிள் கடை வீரகத்தி அண்ணை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அது தான்தான் என்றார். நானும் நம்பிக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வர, சங்கக்கடை மனேச்சர் ஏரம்பர் படலையில் நிற்கிறார். வீரகத்தி அதைத் தபாலில் போட்டவர் மட்டுமே, செய்தியை எழுதியது தான்தான் என்கிறார். மறுநாள் இரண்டு பேரும் எங்கள் முற்றத்தில் நின்று கதைத்த கதையை எழுத முடியாது. அம்மா தேத்தண்ணி கொடுத்து, இரண்டு பெயரையும் போட்டால் என்ன என்று கேட்டா. அதற்குச் சம்மதம், ஆனால் எந்தப் பெயர் முதலில்? அகரவரிசைப்படி தன் பெயர்தான் முன்னுக்கு என்றார் ஏரம்பர். தானே வயதில் மூத்தவன் என்றார் வீரகத்தி அண்ணை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இப்போது முகம் பார்ப்பதில்லை. ஒருவர் திறந்துவிட மற்றவர் போய் அடைக்கிறார், நடுவில் இருக்கிற எங்கள் சிறுபோக நெல் காய்கிறது, அம்மா என்னோடு கதைக்காமல் விட்டிட்டா.

ஆகையால் மகள், அகரவரிசையில் ‘ஏரம்பர், வீரகத்தி’ என்றே போட்டு, வீரகத்தி அண்ணையின் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. நல்ல புள்ளி கிடைக்க எங்கள் இருவரின் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
தில்லைநாதன்.

பி.கு.: இதை ஒட்டப் போகையில் இருவரும் ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். பெயரைப் போட்டால் நாளைக்கு எவராவது தேடி வந்து, முதலையை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கலாம் என வாசிகசாலையில் யாரோ சொல்லிவிட்டார்களாம். “தம்பி, அதை எழுதினது நாங்கள் இல்லை. பிள்ளையை நிருபர் எண்டு மட்டும் போடச் சொல்லு,” என்றார் வீரகத்தி அண்ணை. திரும்பச் சைக்கிளில் ஏறும்போது ஏரம்பர் என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்: “அது வெறும் உடும்பு.”

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. உன் கட்டுரையில் முதலைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறாய்?