அம்மாவின் மல்லிகை நாற்காலி

நம் வீட்டில் செய்ததெல்லாம் உறுதியானது என்று நம்பும் அசட்டுத்தனம் எனக்கு ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. எண்பதுகளின் கடைசியில், அஸ்தினாபுரம் வீட்டுக் கூடத்தில், ஒரு தேக்கு நாற்காலியோடு சேர்ந்து அது உடைந்தது.

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டு உளி வாங்கினார். பேங்க் கிளார்க்கான அவருக்கும் மரவேலைக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆபீஸ் விட்டு வந்ததும் அம்மா உட்காரும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலில் மல்லிகைக் கொடி செதுக்குவார். மல்லிகை என்றால் அம்மாவுக்கு உயிர்.

வார்னிஷ் அடித்ததும் பூவெல்லாம் மழுங்கிவிட்டது. "இன்னும் ஆழமா வெட்டுங்கப்பா, பூன்னே தெரியலை" என்றேன். (நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். வெட்கம்.) உடனே அப்பா, காலும் சட்டமும் சேரும் இடத்தில், பாரம் முழுக்க இறங்கும் இடமாகப் பார்த்து, பெரிய பூவாகக் குடைந்தார். மிஞ்சியது விரல் தடிமன் மரம்.

பம்மலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இருப்பதிலேயே அழகான அந்த நாற்காலியை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் போட்டது நான்தான். அவர் நல்ல வாட்டசாட்டம். காபி டம்ளரை எடுக்க முன்னால் சாய்ந்தார், மளுக்கென்று நாற்காலிக் கால் முறிந்தது. பெரியப்பா தரையில், காபி அவர் வேட்டியில். பதற்றத்தில் நான் சட்டென்று அவர் காலில் விழுந்து கும்பிட்டேன்.

"ஆசீர்வாதம் அப்புறம் பண்றேம்மா, முதல்ல தூக்கி விடு" என்றார்.

"சகுனமே சரியில்லையே" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

அப்பா முறிந்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சாரி சார். என் மிஸஸ் உட்கார்ற சேர். அவ கனமே இல்ல. தாங்கும்னு நினைச்சுட்டேன்."

அதற்குப் பிறகு அப்பா உளியைத் தொடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று, மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்றபடியே அழுதேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார், கையில் மரப்பசை டப்பா. "சேரை ஒட்டிட்டுப் போலாம்னு வந்தேன் சார்." கோணலாகத்தான் ஒட்டினார். தை மாசம் கல்யாணம். பெரியப்பா மட்டும் கடைசிவரை எங்கள் வீட்டில் பாயில்தான் உட்கார்ந்தார்.

சில வருஷம் கழித்து அப்பாவும் போய்விட்டார். அப்பா படத்தை வைக்க என் கணவர் அந்த நாற்காலியைத் தூக்கி வந்தார்.

"உடைஞ்சுடப் போகுதுங்க" என்றேன்.

"மாமாவும் இப்போ கனமே இல்ல. தாங்கும்."

அழுதுகொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பா செத்த அன்று சிரித்தவள் என்று அஸ்தினாபுரத்தில் எனக்கு இன்னும் பேர்.