வீட்டுப் பெண் மாதிரி

விருந்தோம்புகிறவர்களில் பல ரகம் உண்டு. சோறு போட்டுவிட்டுச் சொல்லிக் காட்டுகிறவர்கள் ஒரு ரகம். சொல்லிக் காட்டிவிட்டுச் சோறே போடாதவர்கள் இன்னொரு ரகம். இவர்களையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். சமாளிக்கவே முடியாதவர்கள், வாசலிலேயே உங்களைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, "இனிமே நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று கண் கலங்குகிறவர்கள். இவர்களிடம் மாட்டியவர்கள் எளிதில் மீள்வதில்லை.

இந்த இனம் எல்லா ஊரிலும் முளைக்கும். நன்றாகத் தழைப்பது என்னவோ இத்தாலியில், அதுவும் விச்சென்சா போல வசதியும் பக்தியும் சரிபாதி கலந்த ஊர்களில்தான். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓர்னெல்லா அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் கொர்ராதோ, வீட்டில் அவர் பேச்சு எடுபடாது, அதனால் பேசுவதில்லை. ஒன்பது வயதில் ஜினேவ்ரா, ஆறு வயதில் தோபியா. இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள, செப்டம்பரில் எஸ்தோனியாவிலிருந்து திரீன் வந்து இறங்கினாள். வயது இருபது. ஒரு வருஷம் அந்த வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சாப்பாடும் கைச்செலவும் அவர்கள் பொறுப்பு, மிச்ச நேரத்தில் இத்தாலிய மொழி படிப்பது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"காகிதத்த தூக்கி உள்ள வை. குடும்பத்துக்குள்ள என்ன காகிதம்?" என்றாள் ஓர்னெல்லா. காகிதம் அன்றைக்கு உள்ளே போனதுதான்.

"இது உன் அறை" என்று காட்டிய அறையில் ஒரு கட்டில், ஒரு இஸ்திரி மேசை, காரின் நான்கு குளிர்காலச் சக்கரங்கள், துணி உலர்த்தும் கம்பி, பெட்டிக்குள் படுத்திருந்த கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் இருந்தன. மகளின் அறைக்குள் கதவைத் தட்டிவிட்டா வருவார்கள்? தட்டவில்லை. குடும்பத்தில் யாராவது வேலை செய்வார்களா? மாட்டார்கள், கை கொடுப்பார்கள். திரீன் கை கொடுத்தாள். சட்டைக்கு இஸ்திரி போடக் கை கொடுத்தாள், போர்வைக்கு, கைக்குட்டைக்கு, கடைசியில் கொர்ராதோவின் உள்ளாடைக்கும் கை கொடுத்தாள். அந்த ஊரில் இஸ்திரி போடாத உள்ளாடையைக் குடும்ப மானம் போனதற்குச் சமமாக வைத்திருக்கிறார்கள்.

"உன் வீடு மாதிரி நெனச்சு இரு" என்பது இந்த இனத்தின் இன்னொரு மந்திரம். நினைத்துப் பார்த்தால்தான் தெரியும். திரீன் ஜன்னலைத் திறந்தாள். காற்று கழுத்தில் அடித்துப் பிள்ளைகளுக்கு நோவு வரும் என்று மூடினார்கள். வெறுங்காலோடு நடந்தாள், வயிற்றுக்கு ஆகாது என்று செருப்பு வந்தது. அந்த ஊரில் காலையோடு முடிந்துவிடுகிற பால் காப்பியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள். கொர்ராதோ அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்து "ஐயோ" என்றார். அக்டோபர் மாதத்துக் கடலில் நீந்தி வளர்ந்த பெண், மே மாத வெயிலில் ஈரத்தலையோடு தெருவில் இறங்கியதற்கு ஓர்னெல்லா துண்டைத் தூக்கிக்கொண்டு முக்கு வரை ஓடி வந்தாள்.

பொல்லாதவள் என்று எண்ணிவிடாதீர்கள். பிப்ரவரியில் திரீன் காய்ச்சலில் விழுந்தபோது கடையை மூன்று நாள் மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோழிச்சாறு காய்ச்சி, கரண்டியால் ஊட்டியவளும் இதே ஓர்னெல்லாதான். அந்த அன்பு பொய் இல்லை. இந்த இனத்தோடு சண்டை போடவே முடியாமல் போவது அதனால்தான்.

மே மாதம் திரீனின் அக்கா க்யுல்லியிடமிருந்து செய்தி வந்தது. அவள் பாடும் குழு இத்தாலிக்கு வருகிறது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு வெரோனாவில் ஒரு தேவாலயத்தில் பாடிவிட்டு, அங்கிருந்தே பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். வெரோனா ரயிலில் முக்கால் மணி தூரம். அக்காவைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா இல்லாத வீட்டில் திரீனை வளர்த்தவள் அந்த அக்காதான்.

"இந்த ஞாயிறு வெரோனா போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"இந்த ஞாயிறா?" ஓர்னெல்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அன்னைக்குத்தானே ஜினேவ்ரா கோயில்ல முதல் நற்கருணை வாங்கறா? குடும்பமே கூடுற நாள்ல வீட்டுப் பொண்ணு ஊர் சுத்தப் போனா நாலு பேர் என்ன கேப்பாங்க?"

"அக்கா அன்னைக்கு மட்டும்தான்…"

"அக்கா எங்கயும் போயிட மாட்டா கண்ணு. முதல் நற்கருணை ஒரு தடவதான்."

திரீன் ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டு, அக்காவுக்கு வர முடியாது என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நன்றாக நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மொத்தம் பதினாலு பேர், திரீனையும் சேர்த்து. எல்லோரும் தோட்டத்தில் நின்று கையில் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தபோது கொர்ராதோவின் அண்ணி மிரெல்லா கணவர் இல்லாமல் தனியாக வந்து இறங்கினாள்.

"ஃபவுஸ்தோ வரல. நேத்து நத்தைய ஒரு தட்டு தின்னாரு, விடியவிடிய வயித்தப் பிடிச்சுக்கிட்டு கிடக்கறாரு."

ஓர்னெல்லா மேசையைப் பார்த்தாள். விரலை மடக்கினாள். மறுபடியும் மடக்கினாள். முகம் வெளுத்துவிட்டது. பதின்மூன்று.

ஒரே மேசையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தால் வருஷம் திரும்புவதற்குள் அதில் ஒருவர் போய்ச் சேர்வார் என்பது அந்த ஊரில் டாக்டர்கள்கூட எதிர்த்துப் பேசாத விஷயம். பாதிரியாரைக் கேட்டால் மூடநம்பிக்கை என்பார். ஆனால் தலையை எண்ணாமல் அவரும் உட்கார மாட்டார். சரி, ஒருவரைக் குறைக்க வேண்டும். யாரை? பாதிரியாரையா? ஞானத்தாயையா? மிரெல்லாவை எழுப்பினால் அடுத்த இருபது வருஷம் அதே பேச்சாக இருக்கும். பிள்ளைகளைத் தனி மேசைக்கு அனுப்பலாமா? விழாவே பிள்ளைக்கு.

ஓர்னெல்லா திரீனின் தோளில் கை போட்டுச் சமையலறைக்குள் அழைத்துப் போனாள்.

"நீ இங்கயே சாப்பிட்டுக்கறியா கண்ணு? மத்தவங்க கிட்ட கேக்க முடியாது, கோவிச்சுக்குவாங்க. உன்கிட்டதான் உரிமையா சொல்ல முடியும்."

"அப்ப நான் கணக்குல இல்லையா?"

"கணக்குல மட்டும்தாம்மா இல்ல. மனசுல இருக்கியே."

திரீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "மேசைல நான் வேண்டாம்னா, வெரோனாவுக்குப் போயிட்டு வரேன்" என்றாள்.

"தாராளமா போயிட்டு வா. நீ இங்க தனியா உக்காந்திருந்தா எனக்கும் மனசு கேக்காது." ஓர்னெல்லாவுக்குப் பெரிய பாரம் இறங்கியது. "பாத்திரமெல்லாம் இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்."

அரை மணியில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஃபவுஸ்தோ இறங்கினார். முகம் மஞ்சள், சட்டை பளிச்.

"படுத்துப் பாத்தேன். அங்க எல்லாரும் லசான்யா சாப்பிடுவீங்கன்னு நெனச்சேன், படுக்க முடியல" என்றார்.

திரும்பவும் பதின்மூன்று.

விச்சென்சா ரயில் நிலையத்தில் திரீனின் தொலைபேசி அடித்தது. வண்டிக்கு இன்னும் நாலு நிமிஷம்.

"எங்கம்மா இருக்க? ஓடி வா. குடும்பமே உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது."

"எத்தன பேரு?"

அந்தப் பக்கம் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

"பதின்மூணு" என்றாள் ஓர்னெல்லா. குரல் நிஜமாகவே நடுங்கியது. "ஜினேவ்ராவோட நாளும்மா. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

திரீனுக்கு மனசு இளகியது. பிள்ளையின் வெள்ளை உடுப்பு நினைவுக்கு வந்தது, கோழிச்சாறு நினைவுக்கு வந்தது. திரும்பிப் படிக்கட்டில் இரண்டு படி இறங்கியும்விட்டாள். அங்கேயே நின்றாள்.

"நான்தான் மனசுல இருக்கேனே. அங்கயே எண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஏறி வண்டியைப் பிடித்தாள்.

தோட்டத்தில் லசான்யா ஆறிக்கொண்டிருந்தது. ஓர்னெல்லா சுற்றிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் வக்கீல் சனெல்லா, அரைக்கால் சட்டையோடு தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலியின் பேரிலேயே மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் வழக்கு.

"சனெல்லா சார்" என்றாள் ஓர்னெல்லா, தேன் ஒழுக. "அங்க தனியா என்ன பண்றீங்க? இங்க வாங்க. நீங்களும் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரிதானே?"

மனிதர் வந்தார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். காப்பி வரும்போது வேலியை இவர்கள் பக்கமாக அரை அடி தள்ளி வைக்கச் சொன்னார்.

வெரோனாவில் தேவாலயக் கதவு திறந்ததும் மூன்றாவது வரிசையில் நின்ற க்யுல்லி தங்கையைப் பார்த்தாள். பாட்டு நடுவில் அவள் குரல் நின்றுவிட்டது. மற்றவர்கள் விடாமல் பாடினார்கள். திரீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டு மாதத்தில் யாரும் அவளுக்காக அப்படித் தடுமாறியதில்லை.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியவளிடம் ஓர்னெல்லா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. "உன்ன பெத்த பொண்ணு மாதிரி நெனச்சேன்" என்று மட்டும் சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரை நீட்டினாள். தன்மேல் என்ன தப்பு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். உங்கள் வீட்டில் சமைக்கிறவரோ, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிறவரோ, வண்டி ஓட்டுகிறவரோ இருந்தால், அவரை நீங்கள் எப்போதுமே வீட்டு மனுஷராகத்தான் நடத்துகிறீர்கள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு சிறு வேலை. கடைசியாக எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அழகாகத்தான் இருக்கிறீர்கள். படத்தை எடுத்தது யார்?