இரண்டு மைக்கும் ஓர் அக்காவும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் அக்காவும் நலம். நீங்கள் இரவல் தந்த மைக் இரண்டும் நலம். ஒன்றின் கழுத்தில் மட்டும் ஒரு கீறல், அதற்குப் பிறகு வருகிறேன். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி. ஐந்துக்குள் அக்காவின் பியானோப் பதிவு இசைக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராது. அடுத்த மாதம் அவளுக்கு முப்பது முடிகிறது. கல்லூரியின் வயது வரம்பும் அதோடு முடிகிறது. இரண்டு வருடம் முன்பு தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்து, விரல் மரத்துப்போய், வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தவள். இம்முறை பதிவு செய்தால் போதும் என்று அறிவிப்பில் பார்த்ததும் சிரித்தாள். மைக்குக்கு முகம் கிடையாது. அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்தேன்.

பள்ளி அரங்கின் பெரிய பியானோவை நேற்று முழுக்கவும் இன்று பன்னிரண்டு மணி வரையும் தந்தார்கள். நேற்று அக்கா முதல்முறை வாசித்தபோது வாட்ச்மேன்கூடச் சாவிக்கொத்தை ஆட்டாமல் நின்றார், அவ்வளவு நன்றாக இருந்தது, முடிந்ததும் போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் இந்த மைக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பொத்தானை அமுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதித் தந்த தாளை நான்காக மடித்து, ஸ்டாண்ட் ஆடாமலிருக்க அதன் காலுக்கடியில் செருகியிருந்தேன். அடுத்ததை உங்களுக்கு அனுப்பினேன். "கட்டைச் சத்தம் தூக்கலா இருக்கு, கட்டையை விட்டுத் தள்ளி வை" என்றீர்கள். நீங்கள் சொன்னது விரல் படும் கட்டையை. எனக்குத் தெரிந்த கட்டை, பியானோவின் மூடியைத் தாங்கி நிற்பது. அதை விட்டு நன்றாகவே தள்ளி வைத்தேன். அக்காவின் நகத்துக்குப் பக்கத்தில். கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நான் என்ன டைப் அடிக்கிறேனா?"

இன்று காலை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் தங்கம், சேர்த்தால் அடிக்குரல் காணாமல் போய்விடுகிறது. பெரியப்பாவையும் உங்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தது போல, மன்னிக்கவும். நகர்த்திப் பார்க்கலாம் என்று இழுத்தேன், ஸ்டாண்ட் சாய்ந்து வாட்ச்மேன் கால்மேல் விழுந்தது. அதுதான் அந்தக் கீறல். நல்லவேளை என்றார் அவர். பியானோவைச் சொன்னாரா, தன் காலைச் சொன்னாரா, தெரியவில்லை.

பதினொரு மணிக்கு எல்லாம் சரியாக அமைந்தது. நம்புங்கள், அமைந்தது. இப்போது அக்கா. பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், அதே மூன்றாவது வரியில் விரல் தடுக்கியது. யாரும் பார்க்கவில்லையே என்றேன்.

"நீ பாக்குற இல்ல."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

"இப்ப முதுகால பாக்குற."

வெளியே போனேன். நாற்பது நிமிடம் கழித்து வந்தால் மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது நிமிடமும் பதிவாகியிருக்கிறது. நாற்காலியின் கிறீச், இரண்டு இருமல், ஒரு பெருமூச்சு. மிகத் தெளிவான ஒலி, சித்தப்பா. பெருமைப்பட்டிருப்பீர்கள்.

பன்னிரண்டுக்குப் பியானோவைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அறைக்குள் இருக்கிறாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கும் சத்தம். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மணி பார்க்கிறேன், ரெண்டு நிமிஷம்தான் ஆயிருக்கு. இவளுக்கு முகமில்லாத ஒன்றைக் கொண்டுவந்தேன் என்று நினைத்தேன். அதன் பின்னால் என் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், நல்லா வரணும் நல்லா வரணும்னு முறைச்சுக்கிட்டு.

ஞாயிறன்று நீங்கள் அவளைக் கூப்பிடுங்கள். பியானோ பற்றிக் கேட்க வேண்டாம். வேறு ஏதாவது கேளுங்கள். மைக்குகளை இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

சித்திக்கு என் அன்பு. பெரியவர்கள் எங்களை வாழ்த்த வேண்டும். இம்முறை என் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சுண்டு

பி.கு.: மணி ஐந்தேகால். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நாலரைக்கு அக்கா வெளியே வந்து, பாதிப் பதிவை ஏற்பார்களா என்று கல்லூரிக்கு ஃபோன் செய்தாள். எழுத்தருக்கு முதலில் விளங்கவேயில்லை. "பதிவுன்னா பேரைப் பதியறதும்மா. வாசிக்கிறதுக்கு அடுத்த வாரம் நேர்லதான் வரணும்." அவர் அக்காவின் பெயரைக் கேட்டார். மறுபடி கேட்டார். எத்தனை பேர் முன்னால் வாசிக்க வேண்டும் என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"மூணு பேரு. அதுல பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வாசிங்க."

அக்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.