இடது கை போனது, பின்வாங்கவில்லை

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் வீடியோ கேம் விளையாடுகிறேன். ஜப்பான்காரர்களின் படக்கதை கார்ட்டூனாகி, கார்ட்டூன் விளையாட்டானது. ஆறு மாடி உயர இரும்பு மனிதனின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அவனை நாம் ஓட்ட வேண்டும். மகள் ஜெனிக்காக வாங்கியது. அவளுக்கு இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. எனக்கு இன்னும் சலிக்கவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, நான் ஒரு நாள் நோட்டுக்கு அட்டை போட்டதற்கு மட்டும்தான்.

எதையும் எழுதி வைப்பவன் நான். (மழை எத்தனை மணிக்கு நின்றது என்பது வரை.) ஒவ்வொரு ரோபோ சண்டைக்கும் தேதி, எதிரி, சேதம், கற்ற பாடம் என்று ஒரு நோட்டு. இன்னொரு நோட்டு, எங்கள் மலைத் தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் கூட்டக் குறிப்புகள். ஜமுனாமரத்தூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவன், கையெழுத்தும் அழகு என்று என்னைச் செயலாளராக்கி ஒன்பது வருடம். "என்னைக் கட்டிக்கும்போதுகூட உன் மூஞ்சி இப்டி மின்னல" என்பாள், நான் நோட்டில் எழுதுவதைப் பார்க்கும் மனைவி ஸ்டெல்லா. உண்மைதான்.

அந்த ஞாயிறு செயலாளர் தேர்தல். என்னை எதிர்த்துப் போட்டியிட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவசகாயம் சார். "பொம்மை ஆடுற ஆளு கையில பேரவை நோட்டா?" என்று வாரச்சந்தையில் பார்த்தவரையெல்லாம் கேட்டிருந்தார். என் ஒழுங்கை நிரூபிக்க, அன்று காலை இரண்டு நோட்டுக்கும் புதிய பழுப்பு அட்டை போட்டேன். ஒரே அளவு, ஒரே தடிமன். லேபிளைப் பிறகு ஒட்டலாம் என்று விட்டேன். (ஒன்பது வருடத்தில் நான் 'பிறகு' என்றது அந்த ஒரு முறைதான்.)

திருப்பலி முடிந்து கூட்டம் தொடங்கியது. போன கூட்டக் குறிப்பைச் செயலாளர் நின்றபடி முழுதாக வாசிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அது முடியும்வரை கண்மூடி இளைப்பாறுவது எங்கள் வழக்கம். முடிந்ததும் குறிப்பை ஏற்கலாம் என்று ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார்.

எழுந்து, நோட்டை விரித்து, பழக்கதோஷத்தில் வாசித்தேன்.

"எதிரி வடக்கே இறங்கினான். முதல் அடியிலேயே நமது இடது கை போனது."

என் காதில் என் குரல் விழுந்தபோதுதான் உறைத்தது. சரியான நோட்டு வீட்டில். முன்வரிசையில் தேவசகாயம் சார் மட்டும் முழு விழிப்பில், மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தச் சிரிப்புக்காகவே நிறுத்தவில்லை. குரலை உயர்த்தினேன்.

"வலது தோளில் தீ. ஆனாலும் பின்வாங்கவில்லை."

மரியபுஷ்பம் அக்கா கண் திறந்தார். "யேசுவே! யாருக்குப்பா கை போச்சு?"

"சும்மா இரு. கல்லறை வேலி விசயமா படிக்கிறாரு" என்றார் அவர் கணவர், கண்ணைத் திறக்காமலே.

"ஃபாதர், இது இன்னா ஃபாதர்? இது பொம்மை சண்டை!" என்று எழுந்தார் சார்.

அடுத்த ஊர்த் திருப்பலிக்குப் போகும் அவசரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபாதர் நிமிர்ந்தார். "வாசிக்கும்போது குறுக்க பேசக் கூடாதுங்க சார். நீங்க போட்ட விதிதானே?"

சார் உட்கார்ந்தார். நான் மூன்று பக்கத்தையும் வாசித்தேன். "பாடம்: அதிகம் சத்தம் போடும் எதிரிக்கு முழங்காலில்தான் பலவீனம்" என்று முடித்தபோது, அவர் வேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்: "முன்மொழிகிறேன்." இன்னொன்று: "வழிமொழிகிறேன்."

தேர்தலில் அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு நான்கு. நான்கில் ஸ்டெல்லாவின் ஓட்டு இல்லை. "இன்னா பண்றது, சிரிப்புல கை தூக்க முடில" என்றாள்.

பேரவை நோட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கடமை பாக்கி இருந்தது. அன்றைய கூட்டத்தில் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டதை, ஒரு சொல் விடாமல், குண்டுக் கையெழுத்தில் பதிவு செய்தேன். அடுத்த மாதம் புதிய செயலாளர் அதை வாசிக்க எழுந்தார். இரண்டு வரி படித்தார், முகம் மாறியது, பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

நான் எழுந்தேன். "மூணு பக்கம் வுட்டுட்டீங்க சார்."

"படிங்க சார்" என்றார் ஃபாதர். இந்த முறை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முப்பது வருடம் பள்ளியை நடுங்க வைத்த அந்தக் குரலில், "இடது கை போனது... ஆனாலும் பின்வாங்கவில்லை" என்று சார் வாசித்தார். கூட்டத்தில் ஒருவரும் தூங்கவில்லை.

"போன மாசம் போன கை இன்னுமா ஒட்டல?" என்றார் மரியபுஷ்பம் அக்கா.

பதவி போனது போனதுதான். ரோபோ நோட்டுக்கு இப்போது லேபிள் இருக்கிறது. சண்டையில் என் இரும்பு மனிதனுக்குக் கையோ காலோ போனால், சமையலறையிலிருந்து ஸ்டெல்லா "முன்மொழிகிறேன்" என்கிறாள். உள்ளறையிலிருந்து ஜெனி "வழிமொழிகிறேன்" என்கிறாள். நான் தேதி போட்டு எழுதிக்கொண்டு, அடுத்த சண்டைக்குப் பொத்தானை அழுத்துகிறேன்.