மாடம்பாக்கத்துப் பருந்தும் ஞானத்தின் ஒன்பது குஞ்சுகளும்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத என் ஞானத்துக்கு, மாடம்பாக்கம் பஞ்சர் கடை குப்புராஜ் எழுதுவது.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் ஊதாப் பூப் போட்ட நைட்டியை ஒரு வாரமாக நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதே, காரணம் இருக்கிறது. அக்குளில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அதற்கும் காரணம் இருக்கிறது.

இங்கே நான் சுகம், கோழி சுகம், சேவல் மிகவும் சுகம். அங்கே தீபாவும், நம் பேத்தியும், பேத்தி போடுகிற சத்தத்தில் தூக்கம் கெட்டுக் கிடக்கும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதம் காகிதமாக எழுதி ஓசூருக்குக் கொரியர் அனுப்புகிறார் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை திட்டிவிடுகிறாய். கடிதம் என்றால் முழுதாகப் படித்துவிட்டுத்தானே திட்ட முடியும்? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து, தப்பு இருந்தால் மாப்பிள்ளையைத் திருத்திக்கொள்ளச் சொல்.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "யோவ், ஒம்பது குஞ்சு வுட்டுட்டுப் போறேன். வந்து எண்ணுவேன். ஒம்பதும் இருக்கணும்" என்றாய். நான், "கோழி மேய்க்கறதெல்லாம் ஒரு வேலையா? நிம்மதியா போய்ட்டு வா" என்று சொன்னேன். பக்கத்து சீட்டு அம்மா கூடச் சிரித்தார்கள். ஆனால் போன ஈட்டுக் குஞ்சுகளை ஒன்று விடாமல் பருந்து கொண்டுபோனபோது நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் வாய்தான் கிண்டல் பண்ணியது, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குஞ்சுகளைத்தான் எண்ணினேன்.

நீ போன மறுநாளே அந்தப் பருந்து செல்போன் டவர் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. நீ ஊரில் இல்லை என்று அதற்கு யார் சொன்னார்களோ. பளபளவென்று எதையாவது தொங்கவிட்டால் பருந்து கிட்டே வராது என்று பஞ்சர் போட வந்த ஒருவர் சொன்னார். வீட்டில் பளபளப்பாக இருந்தது தீபா கல்யாண சிடிதான். மூன்று பாகத்தையும் முருங்கை மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பருந்து மரத்துக்கே வந்து, தாலி கட்டுகிற பாகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த உன் சித்தப்பா கூட அவ்வளவு நேரம் உட்காரவில்லை.

சரி, நீ பண்ணுகிற மாதிரியே பண்ணுவோம் என்று முடிவு செய்தேன். நீ "பா பா பா" என்றால் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடி வருமே, அதே மாதிரி நானும் "பா பா பா" என்றேன். கோழி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. சேவல் மட்டும் ஓடி வந்தது. அவர் கதை தனி. பருந்து நிழல் விழுந்தால் வீட்டுக்குள் முதலில் ஓடி வந்து கட்டிலுக்கு அடியில் ஒளிவது அவர்தான். கொண்டை வைத்த ஆம்பிளை.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, கோழிக்கு உன் முகமும் தெரியாது, குரலும் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் ஊதாப் பூ நைட்டியும் தோளில் போட்ட துண்டும்தான். போட்டேன். கொல்லையில் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை, அதற்குள் மொத்தக் குடும்பமும் காலடியில் வந்து நின்றது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஷீலா பார்த்துவிட்டாள்.

"அண்ணா, நைட்டி உங்களுக்குத்தான் எடுப்பா கீது. அக்காவுக்குக் கூட இப்படி அமையல" என்றாள்.

"உன் வூட்டுக்காரருக்கும் ஒண்ணு தச்சுக் குடு, ஜோடியா நின்னு பருந்து ஓட்றோம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஈரத் துணி எல்லாம் மண்ணில் விழுந்தது.

ஷீலாவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கடை வாசலில் ஒரு பையன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, என் முதுகைப் பார்த்து, "அக்கா, பஞ்சர் போடற அண்ணன் இல்லியா?" என்று கேட்டான். நான் மீசையோடு திரும்பி, "நான்தாம்பா, இன்னா, பின் வீலா?" என்றேன். காற்று இல்லாத டயரோடு அந்த வண்டி அவ்வளவு வேகம் போகும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இதற்கு நடுவில் நம் ஏர்ஃபோர்ஸ்காரர்கள் வேறு. பயிற்சி விமானம் வீட்டு மேலே தாழப் போகும்போதெல்லாம் கொல்லையில் நிழல் ஓடும். நான் பருந்து என்று நினைத்து நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துடைப்பத்தோடு ஓடுவேன். கோழி அசையாது. அதற்கு வித்தியாசம் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. மேலிருந்து பார்க்கிற அந்த பைலட் பிள்ளைகள் மாடம்பாக்கத்தில் ஒரு அம்மா தினமும் துடைப்பத்தைக் காட்டித் திட்டுகிறார்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லாமல் இருக்க வேண்டும்.

எதிர்வீட்டுக் கதிரேசன் சார் பண்ணுகிற கூத்தைக் கேள். பருந்து வட்டம் போடுகிறது, நான் கல்லை எடுக்கிறேன், அவர் மாடியிலிருந்து பதறுகிறார்.

"குப்பு, கல்லைக் கீழ போடுய்யா! கழுத்து வெள்ளையா கீது பாரு, கருடன்! வெள்ளிக்கிழமை அதுவுமா தரிசனம் குடுக்கறாரு!"

"உங்களுக்கு தரிசனம் சார். எங்க வூட்டுக் குஞ்சுங்களுக்கு எமன்."

"கன்னத்துல போட்டுக்கினு மனசார வேண்டிக்கோ. பார்த்து நடந்துப்பாரு."

எதற்கு வம்பு என்று கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையால் கன்னம். கும்பிடுகிறேனா விரட்டுகிறேனா என்று பருந்துக்கே குழப்பம் வந்து, அன்றைக்கு அது சேலையூர் பக்கம் போய்விட்டது.

இப்போது மெயின் விஷயத்துக்கு வருகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோவுக்கு டியூப் மாற்றிக்கொண்டிருந்தேன். கொல்லையில் ஒரே கூச்சல். ஓடினேன். நைட்டி மதில் கம்பியில் மாட்டியது, அக்குள் கிழிந்தது அப்போதுதான். போய்ப் பார்த்தால் தாய்க்கோழி சிறகை விரித்துச் சிலிர்த்து நிற்கிறது. எண்ணினேன், எட்டு. மறுபடி எண்ணினேன், அப்போதும் எட்டு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்குமே, நீ மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பாயே, அந்தக் குஞ்சைக் காணோம். தொட்டிக்கு அடியில், துவைக்கிற கல் இடுக்கில், கதிரேசன் சார் மாடியில் எல்லாம் தேடினேன். அன்றைக்கு நீ போனில், "குஞ்சுங்க எப்படி கீது?" என்று கேட்டாய், "ஜம்முனு கீது" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சோறு இறங்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழிகளும் உன்னைத் தேடுகின்றன ஞானம். நான் தேடவில்லை, கோழிகள்தான்.

ஆனால் கடவுள் இருக்கிறார். இன்று காலை தவிடு பிசைந்து வைத்துவிட்டு எண்ணினேன். ஒன்பது! விரல் விட்டு எண்ணினேன், ஒன்பதேதான். போன குஞ்சு திரும்பி வந்துவிட்டது! எங்கே ஒளிந்திருந்ததோ, எதைத் தின்றதோ. நெற்றியில் அந்த வெள்ளைப் பொட்டு மட்டும் இல்லை, பயத்தில் உதிர்ந்திருக்கும். கொஞ்சம் கொழுத்தும் இருக்கிறது, கவலையில் சில பேர் அதிகம் சாப்பிடுவார்கள் இல்லையா, உன் அண்ணன் மாதிரி. எப்படியோ நீ வந்து எண்ணலாம், ஒன்பது இருக்கும். கோழி மேய்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நான் சொன்னதில் இப்போதும் மாற்றம் இல்லை.

தீபாவைப் பச்சைத் தண்ணீரில் கை வைக்கவிடாதே. பேத்திக்கு என் ஆசீர்வாதம், தாத்தா மீசை குத்தும் என்று இப்போதே சொல்லிவை. மாப்பிள்ளைக்கு என் அன்பும் அனுதாபமும். நீ சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் கோழிகளுக்கு மட்டும் கட்டுப்பட்ட,
குப்புராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஷீலா வந்தாள். "அண்ணா, காலைலேர்ந்து என் குஞ்சு ஒண்ணு காணோம். பருந்து தூக்கினு போச்சு போல" என்றாள். அவள் கோழியும் நம் கோழியோடு அதே வாரம்தான் பொரித்தது, முட்டை கூட நீ கொடுத்ததுதான். மதிலின் அடியில் தண்ணீர் போகிற ஓட்டை இருப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் நானும் வானத்தைப் பார்த்தேன். அவள் போன பிறகு, நியாயம் நியாயம்தான் என்று அந்தக் குஞ்சைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் விடப் போனேன். உன் கோழி விடவில்லை. இரண்டு விரலிலும் புறங்கையிலும் கொத்தியது. கட்டுப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் ஷீலா பார்த்துவிட்டு, "கைல இன்னா அண்ணா?" என்று கேட்டாள். பருந்து என்று சொன்னேன். மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து அவளே பற்றுப் போட்டுவிட்டாள். இப்போது வலி பரவாயில்லை.