சாக்கிலிருந்து வந்த புது கேமரா

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் ஹோர்ன்போர்யா ஏரி நாளைக்கே வற்றிப் போகட்டும். கொக்குகளை ஒளிந்திருந்து படமெடுக்க ஏரிக்கரையில் போட்டிருக்கும் அந்த மறைகுடிலுக்குள் மூன்றாவது ஆளாக நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

குளிர்காலம் முழுக்க என் நண்பன் டோர்கெலுக்கு ஒரே கனவு. வெளியே பனி ஜன்னலை மூடிக் கிடக்கும். மனுஷன் அடுப்போரம் சாய்ந்து கண்ணை மூடுவான். உடனே கூடத்தில் பெருங்கொக்குகள் வந்து இறங்கும். அந்தக் கனவிலும் லென்ஸ்தான் பொறுக்குவான். நானூறு மில்லிமீட்டர் கைக்கு அடக்கம், ஆனால் கொக்கு கடுகளவு தெரியும். அறுநூறு என்றால் கொக்கின் கண்ணுக்குள் இவன் மீசையே தெரியும், ஆனால் தூக்கக் குதிரை வேண்டும். கேமராவும் சத்தம் போடாததாக இருக்க வேண்டும். இவனுடைய பழைய கேமரா ஒருதரம் சொடுக்கியதற்குப் பக்கத்து ஊர் வாத்துகளெல்லாம் எழுந்து பறந்திருக்கின்றன.

மனைவி குன்வோர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பழசு நல்லாத்தானே இருக்கு? புதுசு கிதுசு வந்துச்சு, பழசு எனக்கு."

"தாராளமா எடுத்துக்கோ" என்று வாக்குக் கொடுத்தான் டோர்கெல்.

பனி உருகத் தொடங்கியதும் சத்தம் போடாத கேமரா, அறுநூறு லென்ஸ் இரண்டையும் திருட்டுத்தனமாக வாங்கிவிட்டான். பழையவற்றின் இலைநிற உறைகளைக் கழற்றிப் புதியவற்றுக்கு மாட்டினான். பழையவை விறகுக் கொட்டகையில், உருளைக்கிழங்குச் சாக்குக்குள் போயின.

"என்னங்க, லென்ஸு குண்டாயிடுச்சு?"

"குளிருக்கு உறை சுருங்கியிருக்கு."

"நீளமும் கூடியிருக்கே?"

"இத்தனை நாள் பெட்டியில மடங்கிக் கிடந்துச்சில்ல, சோம்பல் முறிக்குது."

"கேமரா சத்தமே காணோம்?"

"வயசாச்சு. தொண்டை கட்டியிருக்கும்."

"பாவம்" என்றாள் குன்வோர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் வந்தது. நாங்கள் மூவரும் ஏரிக்குக் கிளம்பினோம். மறைகுடிலுக்குள் விடியுமுன் நுழைந்தால், கொக்குகள் தாமாகப் பறந்து போகும்வரை வெளியே வரக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் அடுத்த வருஷம் இடம் கிடையாது.

மூடுபனி பால்போல் நின்றது. அதற்குள் ஒரு கொக்கு சிறகை விரித்துத் துள்ளியது. பிறகு பத்து, நூறு, ஆயிரம். ஏரியே தூக்கத்தில் எழுந்து ஆடுவது போலிருந்தது. டோர்கெலின் குளிர்காலக் கனவு அப்படியே கண்ணெதிரே நின்றது. மெய்ம்மறந்து கேமராவிடம் கையை நீட்டினான்.

அந்தக் கையில் குன்வோர் சிவப்பு நாடா கட்டிய பொட்டலம் ஒன்றை வைத்தாள்.

"என்னடி இது?" என்று கிசுகிசுத்தான்.

"உங்க புது கேமராவும் லென்ஸும். விறகு எடுக்கப் போனேன், சாக்குல இருந்துச்சு. உறைகூடப் போடாம, அப்படியே புத்தம் புதுசு. எனக்குத் தெரியாம வாங்கிட்டீங்களேன்னு கோவமெல்லாம் இல்லைங்க."

"ஐயோ, இது புதுசு இல்ல!"

வெளியே ஒரு கொக்கு தலையைத் தூக்கிக் குடிலைப் பார்த்தது. நான் டோர்கெலின் தொடையைக் கிள்ளினேன்.

"புதுசு இல்லையா? அப்ப இந்த ஸ்டாண்டுல இருக்கறது என்ன?"

டோர்கெல் என்னைப் பார்த்தான். நான் என் ஏலக்காய் ரொட்டியைப் பார்த்தேன்.

"பழசு" என்றான்.

"பழசு எனக்குன்னு வாக்கு. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தான். கொக்குகள் ஆட ஆட, சத்தமே இல்லாமல் அவள் படமாக எடுத்துத் தள்ளினாள். டோர்கெல் பழைய கேமராவின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு மூச்சடக்கி உட்கார்ந்திருந்தான்.

"ஏன் சும்மா இருக்கீங்க?" என்றாள் குன்வோர் அன்பாக. "அமுக்குங்க. புதுசாச்சே, சத்தமா போடப் போகுது?"

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அடுத்த வருஷமும் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வரப்போவது குன்வோர்தான்.