எசேக்கியேலுக்குக் காகிதம் கேட்கிறார்கள்

ஹார்லோ கிராசிங், ஜார்ஜியா
திங்கட்கிழமை

அன்புத் தங்கை எர்னஸ்டீனுக்கு, அண்ணன் ரோஸ்கோ எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். டெட்ராய்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். விசாரிப்பு முடிந்தது, இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் வாரிசுகளுக்கு நம்மூர் நகரசபை இழப்பீடு கொடுக்கிறது, அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டி வாசலில் வைக்கிறது என்று சொன்னேனே. பணம் கிடக்கட்டும். நம் எள்ளுத்தாத்தா எசேக்கியேல் பெயர் அந்தக் கல்லில் ஏறணும், எனக்கு அது போதும். விண்ணப்பத்தோடு போனேன். மேசைக்குப் பின்னால் யார்? நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் தினமும் வாந்தியெடுத்து வளர்ந்த கென்ட்ரா! ஆதாரம் கேட்டாள். நம் குடும்பக் கூடுகைச் சட்டையை எடுத்து விரித்தேன்.

"ஐயா, இது சட்டை."

"சட்டைதான், படி. 'எசேக்கியேல் டாலிவர் வம்சம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வருஷா வருஷம் ஜூலையில நாப்பத்தெட்டுப் பேரு இதைப் போட்டுக்கிட்டுக் கெளுத்தி மீன் வறுத்துத் திங்கிறோம். அத்தனை பேரும் புளுகுறோமா?"

"அந்தக் காலத்துக் காகிதம் வேணுமுங்க. ரூல் அப்படி."

அவளே, எசேக்கியேலை அடிமையாக வைத்திருந்த பண்ணைக்காரன் வீட்டுப் பேரேட்டின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். "ஆண், வயது 22." அவ்வளவுதான், பெயரே இல்லை! அடுத்த பக்கத்தில் குதிரைகள். அதுங்களுக்குப் பேரு, அம்மா பேரு, பாட்டி பேரு, எல்லாம் முத்து முத்தா எழுதியிருக்கான் பாவி.

"ஏம்மா, அந்தக் குதிரையோட பேத்தி வந்து நின்னிருந்தா நாற்காலி போட்டு உட்கார வச்சிருப்பே இல்ல? பேரை எழுதாதவன் அவன், காகிதம் கேக்கிறது என்கிட்டயா? இது எந்த ஊர் நியாயம்?"

அவள் அந்த நகலை மடித்து உள்ளே வைத்தாள். உங்க கல்லும் வேணாம், காசும் வேணாம்னு விண்ணப்பத்தை நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். நேற்று சபையில் எழுந்து நின்று, அந்த வாசப்படி மிதிக்கிறவன் எவனாயிருந்தாலும் அவனோடு எனக்குப் பேச்சில்லை என்றும் சொல்லிவிட்டேன். நீயும் அங்கிருந்து விண்ணப்பம் கிண்ணப்பம் அனுப்பித் தொலைக்காதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அண்ணன்,
ரோஸ்கோ

பின்குறிப்பு (வியாழன்): இதைத் தபாலில் போடுவதற்குள் கென்ட்ரா வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்று நாளாக அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைப் புரட்டினாளாம். ஒன்றில் அதே பண்ணைக்காரன் கொடுத்த விளம்பரம்: "எசேக்கியேல் என்னும் என் ஆள் ஓடிவிட்டான். வயது 22. வாய் ஓயாது. எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்பான்."

"இதைப் படிச்சிட்டு உங்களையும் ஒருதரம் பார்த்தாங்கன்னா, விண்ணப்பம் பாக்கிற கமிட்டிக்கு வேற ஆதாரமே வேணாம் ஐயா" என்றாள். நான் அழுதேன் எர்னஸ்டீன், அவள் முன்னாலேயே. அவள் பொறுக்கி எடுத்துவந்திருந்த துண்டுகளை ஒட்டி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். கல்லில் பெயருக்குக் கீழே 'ஓடியவர்' என்றும் வெட்டணும், இல்லாவிட்டால் மறுபடியும் கிழிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.